கலங்கல் எண்ணெய்

ஆராய்ச்சி என்றாலே வெள்ளைக் கோட்டும் ஏசி அறையும்தான் என்று சினிமாக்காரர்கள் நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சரண்யாதேவியின் ஆராய்ச்சி டிரான்ஸ்பார்மர் எண்ணெயில். அது சுடிதாரில் பட்டால் எந்த சோப்புக்கும் மசியாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறப்பார்கள். "மெக்கானிக் ஷாப்ல வேலையாம்மா?" என்று ஒரு அம்மாள் அன்பாக விசாரித்ததும் உண்டு. ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பி.எச்டி. என்று சொன்னால் அடுத்த கேள்வி கல்யாணம் எப்போது என்பதாக இருக்கும்.

விஷயம் இதுதான். தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்குள் கம்பிச் சுருள்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கின்றன. அந்த எண்ணெய்க்கு இரண்டு வேலை. சுருளின் சூட்டை வாங்கி வெளியே தள்ள வேண்டும். மின்சாரம் தாவக்கூடாத இடத்துக்குத் தாவாமல் நடுவில் நின்று மறிக்கவும் வேண்டும். மதுரைக் கோடையில் இரண்டு வேலையும் படாத பாடுதான். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற டைட்டானியம் பொடியை, நானோ அளவுக்கு, அதாவது சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்குப் பொடித்து இந்த எண்ணெயில் கலந்தால் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், மின்சாரத்தையும் கூடுதலாகத் தாங்கும் என்பது ஒரு கணக்கு. உலகத்தில் பல பேர் செய்து பார்த்தார்கள். சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. சரண்யாதேவிக்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வந்தது. ஆனால் ஒரு டம்ளர் எண்ணெயில். டம்ளரில் வந்தது நிஜ டிரான்ஸ்பார்மரில் வருமா என்பது கடைசிக் கேள்வி. அதற்குப் பதில் எழுதினால் பட்டம் கிடைக்கும்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பீமாராவ். நல்ல மனிதர். மாணவர்களைக் கடையில் தேநீர் வாங்கிவர அனுப்பாத பேராசிரியர் என்பதே அந்தக் கட்டடத்தில் ஒரு சாதனை. அவர்தான் அலைந்து திரிந்து பரவையில் டிரான்ஸ்பார்மர் பட்டறை வைத்திருக்கும் விருமாண்டியைப் பிடித்தார். விருமாண்டியின் மச்சான் மார்க்கெட் பக்கம் காய்கறிக்குக் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறார். கிடங்கில் ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே சுமை. ஒன்றில் பொடி கலந்த எண்ணெய், மற்றதில் பழைய எண்ணெய். கோடை முழுக்க இரண்டின் சூட்டையும் குறித்து வந்தால் பதில் தெரிந்துவிடும் என்பது திட்டம்.

விருமாண்டி பட்டறையின் தலைமை மேஸ்திரி சிவனாண்டி. அவரைப் பார்த்ததும் சரண்யாதேவிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பேரையூரில் அவளுடைய தெருக்காரர். முறைக்குச் சித்தப்பா. அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. வந்தவன் போனவனையெல்லாம் கூப்பிட்டு, "நம்ம பிள்ள, டாக்டருக்குப் படிக்கிது, ஊசி போடுற டாக்டர் இல்ல, இது வேற" என்று அறிமுகம் செய்துவைத்தார். அவளுடைய அப்பாவும் அவரும் ஒரே வயலில் கூலிக்குக் கிடந்தவர்கள். அந்தத் தெருப் பெண் ஒருத்தி வந்து நிற்க, பட்டறை முதலாளி எழுந்து நாற்காலி போட்டதை அவர் ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் எண்ணெய் மாற்றும் நாள் வந்தது. வாரக்கணக்கில் அதிர்வுக் கருவியில் வைத்துக் கலக்கிய எண்ணெய், பேரல்களில் வந்து இறங்கியது. புது எண்ணெய் கண்ணாடி போல இருக்கும். இது நீராகாரம் போலக் கலங்கலாக இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். அதை விருமாண்டியிடம் அவள் விளக்கியிருந்தாள். விருமாண்டி கண்ணை மூடித் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். சிவனாண்டியிடம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. மற்ற மேஸ்திரி என்றால், இதைச் செய்யுங்கள், அதைத் தொடாதீர்கள் என்று நீட்டி முழக்கியிருப்பாள். சித்தப்பாவுக்கு உத்தரவு போட நாக்கு எழவில்லை. அதுவும் பட்டறை ஆட்கள் முன்னால்.

"வெயில் ஏறுது தாயி. நீ போ. நான் பாத்துக்கிறேன்" என்றார் சிவனாண்டி.

"சரிங்க சித்தப்பா, வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். இந்தக் கதையில் நடந்த தப்பு மொத்தமும் இந்த மரியாதைக்குள் அடங்கிவிட்டது.

கோடை வந்தது. அவள் காலையும் மாலையும் பரவைக்குப் போய் இரண்டு டிரான்ஸ்பார்மரின் தலையிலும் இருக்கிற வெப்பமானியைப் பார்த்து வந்தாள். கத்திரி வெயிலில் பொடி எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்பார்மர் மற்றதைவிட ஆறு டிகிரி குறைவாகச் சுட்டது. ஆறு! இரண்டு வந்தாலே கூத்தாடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆறு என்றதும் அவர் கூத்தாடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மறுபடி பாரு" என்றார். மறுபடி பார்த்தாள். ஆறுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கல்லூரி நிர்வாகம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டது. உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. பேரையூர் பேருந்து நிலையத்தில் தெருப் பையன்கள் பிளக்ஸ் வைத்தார்கள். அதில் இன்னும் வாங்காத முனைவர் பட்டம் அவள் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் இருந்தது. செலவில் பாதி சிவனாண்டியுடையது. அம்மா சோணையம்மாள் போகிற வீட்டிலெல்லாம், "எம்மக கரண்டுக்குக் குளுமை கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லி வைத்தாள். அதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை என்று சரண்யாதேவியும் விட்டுவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பிக்கும் கூட்டம் ஆடி மாதம் என்று முடிவானது. உதவித்தொகையும் அந்த மாதத்தோடு நின்றுவிடும், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தது.

கோடை முடியும்வரை எண்ணெயைத் திறக்கக் கூடாது, ஈரம் ஏறிவிடும் என்பது ஏற்பாடு. அதனால் ஆனி மாதத்தில்தான் முதல் முறையாக டிரான்ஸ்பார்மரின் அடி வால்வைத் திறந்து ஒரு சீசாவில் எண்ணெய் பிடித்தாள். பிடித்ததும் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் பளிச்சென்று இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் எதிரே நின்ற லாரியின் நம்பர் பிளேட்டை வாசிக்கலாம்.

பையில் ஒரு லேசர் விளக்கு வைத்திருந்தாள், பிள்ளைகள் சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து விளையாடுவது. பொடி கலந்த எண்ணெயில் அதை அடித்தால் ஒளி ஒரு கோடாகத் தெரியும், இருட்டறையில் தூசிக்குள் வெயில் விழுகிற மாதிரி. பொடி இல்லாத எண்ணெயில் கோடு தெரியாது. அடித்தாள். சீசாவுக்கு அந்தப் பக்கம் அவள் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. பொடி அடியில் படிந்திருக்குமோ என்றால், அவள் பிடித்ததே அடி எண்ணெய்தான்.

அப்படியே பட்டறைக்குப் போனாள். சிவனாண்டி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அன்னைக்கு நான் கொண்டுவந்த எண்ணெய அப்படியேதான ஊத்துனீங்க?"

"அப்படியே ஊத்துவனா? நல்லாக் கேட்ட போ" என்று சிரித்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அது கலங்கிப் போயிருந்துச்சு தாயி. எவன் உன்னைய ஏமாத்திக் குடுத்தானோ. நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. பேரையூருப் பிள்ள கலங்கல் எண்ணெயக் கொண்டாந்து ஊத்திட்டுப் போச்சுன்னு நாளப்பின்ன ஒருத்தன் வாயில வரக்கூடாதுல்ல? ஃபில்டர் மெஷின்ல ஏத்தி, முல்தானி மட்டியில விட்டு எடுத்தேன். ஒருக்கா இல்ல, ரெண்டு தரம். கண்ணாடியாட்டம் ஆயிருச்சு."

பெண்கள் முகத்துக்குப் பூசுகிற அதே முல்தானி மட்டிதான். பழைய எண்ணெயை அந்த மண் வழியாக விட்டால் அழுக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மர் பட்டறைகளில் எண்ணெயை ஃபில்டர் பண்ணாமல் ஊற்றுவது அரிசியைக் களையாமல் உலையில் போடுகிற மாதிரி. அவள் வாரக்கணக்கில் உயிரைக் கொடுத்துக் கலந்த பொடி முழுவதும் அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டு, மண்ணோடு பட்டறைக்குப் பின்னால் குப்பையில் கிடந்தது.

"அப்ப எப்பிடி சித்தப்பா சூடு குறைஞ்சுச்சு?" என்று கேட்டாள். அவரைக் கேட்டாளா, தன்னையே கேட்டாளா என்று தெரியவில்லை.

"குறையாம? எண்ணெய் ஓடி ஆறுற ரேடியேட்டர்க் குழாய் அம்புட்டும் கசடு கட்டி அடச்சுக் கெடந்துச்சு. பாதி நாளு அதுக்கே போச்சு. சுரண்டிக் கழுவி விட்டேன்."

"பக்கத்து டிரான்ஸ்பார்மர?"

"அத எதுக்குத் தொடணும்? அது உன்னுது இல்லையே."

கோபம் வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் முகத்தில் அம்புட்டு நிறைவு. சரண்யாதேவி அங்கிருந்த கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து, பொடி எதற்கு, கலங்கல் எதற்கு என்று மாசியில் சொல்லியிருக்க வேண்டியதை ஆனியில் சொன்னாள். கேட்கக் கேட்க சிவனாண்டியின் முகம் வற்றியது. கடைசியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இது உனக்கும் எனக்கும்தான் தெரியும் தாயி. எங்கழுத்த அறுத்தாலும் வெளிய வராது."

சொன்னால் செய்கிறவர். அதுதான் சிக்கல். அவர் வாயைத் திறக்க மாட்டார், குப்பையில் கிடந்த மண் பேசாது, வெப்பமானி ஆறு டிகிரி என்று காட்டியது நிஜம். அவள் வாயை மூடிக்கொண்டால் பட்டம். திறந்தால் இன்னொரு கோடை, உதவித்தொகை இல்லாமல், பேருந்து நிலையத்து பிளக்ஸுக்குக் கீழே நின்று பஸ் ஏறிக்கொண்டு.

பேராசிரியரிடம் சொன்னாள். அவர் இருவர் பெயரிலும் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை எடுத்துப் புரட்டினார்.

"நம்ம கட்டுரையில 'பொடி கலந்த எண்ணெய் பட்டறைக்கு வழங்கப்பட்டது'ன்னு இருக்கு. 'டிரான்ஸ்பார்மர் நிரப்பப்பட்டது'ன்னு இருக்கு. இதுல எந்த வாக்கியம் பொய், சரண்யா?"

படித்தவர்கள் சட்டென்று பொய் சொல்லிவிட மாட்டார்கள். உண்மையை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். ஆனால் பீமாராவ் அதைச் சொன்ன மாத்திரத்தில் அவருக்கே முகம் கூசிப்போனது. "நீ யோசிச்சுச் சொல்லு. எதுவானாலும் நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பொறுப்பை அவள் தலையில் இறக்கி வைத்ததும் ஒருவகையில் கோழைத்தனம்தான். நல்ல மனிதர்களுக்கும் ஆடி மாதக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

அவள் யோசித்தாள். யோசனை மௌனத்தின் பக்கமே சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கூட்டத்துக்கு அம்மா உடுத்த வேண்டிய சேலையைக்கூட மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டாள். அப்போது விருமாண்டி போன் செய்தார்.

"பாப்பா, கே.கே. நகர்ல ஒரு ஆஸ்பத்திரி டிரான்ஸ்பார்மர் நம்மட்ட வந்திருக்கு. சூடு தாங்கலையாம். உன் எண்ணெயவே ஊத்திருவம்னு சொல்லிட்டேன். பேப்பர்ல வந்தத அவங்களும் பாத்திருக்காக. எம்புட்டு வேணும்னு சொல்லு, எப்ப அனுப்புவ?"

ஆஸ்பத்திரி. ஆய்வுக்கூடத்து டம்ளரைத் தவிர இந்த எண்ணெய் எங்குமே வேலை செய்ததில்லை. கோடைச் சூட்டில் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால், மறிக்க வேண்டிய எண்ணெயே மின்சாரத்துக்குப் பாலம் போட்டுக் கொடுத்துவிடும். கட்டியாகுமா ஆகாதா என்பது அவளுக்கே தெரியாது. 

"அனுப்ப மாட்டேன். நேர்ல வாரேன்" என்றாள்.

பட்டறையில் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. டிரான்ஸ்பார்மரில் தன் எண்ணெய் இல்லை, பொடி ஃபில்டரில் போய்விட்டது, ஆறு டிகிரி தன்னுடையது அல்ல, ஃபில்டர் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டதும் தான்தான் என்று சொல்லி முடித்தாள். சிவனாண்டி சுவரோரம் நின்றார். அவர் பெயரை அவள் எடுக்கவில்லை, ஆனால் அங்கே ஃபில்டர் மெஷினைத் தொடுகிற கை ஒன்றே ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விருமாண்டி கத்தப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப அந்த ஆறு டிகிரி நம்ம பட்டறை கழுவுனதுக்கு வந்ததா?"

"ஆமா."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்காரரை அப்போதே போனில் பிடித்து, எண்ணெய் வேண்டாம், கழுவினாலே போதும் என்று பேசி முடித்தார். மறுவாரம் திண்டுக்கல் ரோட்டில் விருமாண்டி பட்டறையின் சொந்த பிளக்ஸ் ஏறியது. ஆறு டிகிரி அதில் பெரிதாக இருந்தது.

பேரையூரில் இருந்த பிளக்ஸைப் பையன்கள் சத்தமில்லாமல் இறக்கினார்கள். ஆடிக் கூட்டம் ரத்தானது. பீமாராவ் தன் பெயரும் சேர்ந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, "அடுத்த கோடையில பார்ப்போம். வந்தா வந்ததுன்னு எழுதுவோம். வரலைன்னா வரலைன்னு எழுதுவோம். ரெண்டுக்கும் பட்டம் உண்டு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று நிமிர்ந்திருந்தது. சரண்யாதேவி கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தாள். சோணையம்மாள் யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை. "இன்னொரு வருசம் படிக்கணுமாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். சிவனாண்டி மட்டும் தெருவில் இவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அது அவளைப் பிளக்ஸ் இறங்கியதைவிட அதிகமாக வருத்தியது.

மறு மாசியில் புது எண்ணெய் பரவைக்கு வந்தது. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று விருமாண்டி கேட்டார். சித்தப்பாதான் வேண்டும் என்றாள். வந்தார். முகம் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். இந்தத் தடவை அவள் நாள் முழுக்க வெயிலில் நின்றாள்.

"சித்தப்பா, ரெண்டு டிரான்ஸ்பார்மரையும் ஒரே மாதிரி கழுவுங்க. இதுல நம்ம எண்ணெய். அதுல புது எண்ணெய். நம்மதுக்கு மட்டும் ஃபில்டர் வேண்டாம். அப்படியே ஊத்துங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு உத்தரவு போட்டிருந்தாள். பட்டறை ஆட்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவனாண்டி பேரலின் மூடியைத் திறந்தார். கலங்கலைப் பார்த்தார். அவர் கை தன்னால் ஃபில்டர் குழாயின் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு பம்பைப் போட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எண்ணெய் இறங்கி முடியும்வரை அவர் திரும்பவே இல்லை.

ஆனியில் சீசா பிடித்தபோது அவரும் கூட இருந்தார். எண்ணெய் கலங்கலாகவே இருந்தது. லேசரை அடித்தாள், சீசாவுக்குள் சிவப்புக் கோடு நீளமாக விழுந்தது. கட்டி பிடிக்கவில்லை. முந்தின நாள் எடுத்த எண்ணெயைக் கல்லூரியில் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே வைத்து மின்சாரத்தை ஏற்றிப் பார்த்திருந்தாள், சாதா எண்ணெயைவிடக் கூடுதலாகவே தாங்கியது. மீதி இருந்தது கோடை முழுக்க எடுத்த சூட்டுக் கணக்கு.

"எம்புட்டு தாயி?" என்றார் சிவனாண்டி. ஒரு வருடத்துக்குப் பிறகு அவராக வாய்திறந்து கேட்டது அது.

"ஒன்னரை டிகிரி, சித்தப்பா."

"ஒன்னரையா?" என்றார். "போன வருசம் ஆறு வந்துச்சே. இம்புட்டுப் பாடுபட்டு, ஒரு வருசத்தத் தொலைச்சு, ஒன்னரைதானா?"

"அந்த ஆறு நீங்க கழுவுனதுக்கு வந்தது. இந்த ஒன்னரைதான் சித்தப்பா, நான் கலந்ததுக்கு வந்தது."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சிவனாண்டி அவள் கையிலிருந்த சீசாவை வாங்கினார். வெளியே வழிந்திருந்த எண்ணெயைத் தன் சட்டை நுனியால் சுத்தமாகத் துடைத்து, உள்ளே இருந்ததை ஒருமுறை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.